துவக்கி வைக்கப்படாத ஊசி

புதுச்சேரியில், பாகூர்ப் பக்கத்தில் இருக்கிற அந்த ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு பலகை உண்டு. ‘எங்கள் பகுதியில் தடுப்பூசி போடாத குழந்தையே இல்லை. நூறு சதவீதம்!’ என்று பச்சைப் பெயிண்டில் எழுதியிருக்கும். ஊர்ப் பெயர் வேண்டாம். சொன்னால் இன்னொரு பலகை கொண்டுவந்து நட்டுவிடுவார்கள்.

அந்தப் பலகையை நம்பியவர்களில் லில்லியும் ஒருத்தி. நம்பாமல் என்ன செய்வாள்? அந்த ஊரின் ஆஷா பணியாளர் அவள்தான். மூன்று வருஷமாக வீடு வீடாக ஏறி இறங்கி, கர்ப்பிணிகளுக்கு மாத்திரை கொடுத்து, பிள்ளைகளை ஊசிக்கு இழுத்து வந்து, அந்த நூறில் பாதியையாவது தன் செருப்பைத் தேய்த்து உண்டாக்கியவள். அதனால்தான் ஒரு திங்கட்கிழமை காலை, ஆற்றோரச் செங்கல் சூளையில், உடம்பெல்லாம் மணலை வாரித் தெளித்தாற்போலச் செம்புள்ளி பூத்துக் கிடந்த நாலு வயதுப் பெண்குழந்தையைப் பார்த்தபோது, அவளுக்கு முதலில் பயம் வரவில்லை. அவமானம் வந்தது.

சூளைக்கு ஒடிசாவிலிருந்து ஏழு குடும்பங்கள் வந்து இருபது நாள் ஆகியிருந்தது. குழந்தைகள் பன்னிரண்டு. புள்ளி பூத்துக் கிடந்தவள் ஜமுனா. அவளுடைய அம்மா சுகாந்தி, இடுப்பில் பத்து மாதக் கைக்குழந்தை பபுலுவோடு, மகளுக்கு ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள். சுகாந்திக்குத் தெரிந்த தமிழ் முழுவதும் சூளை மேஸ்திரி கற்றுக்கொடுத்தது. ‘கல்லு அடுக்கு’, ‘சீக்கிரம்’, வண்டி நிரம்பினால் ‘லோடு ஆச்சு’. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு தன் பிள்ளைக்கு என்ன என்று அவளால் சொல்ல முடியவில்லை. “மிளிமிளா, மிளிமிளா” என்று தன் மொழியில் சொல்லிக் கண்ணைத் துடைத்தாள். லில்லிக்கு வார்த்தை புரியாவிட்டாலும் விஷயம் புரிந்தது.

ஒரு போன் போட்டதும் நர்ஸ் ஆதிலட்சுமி ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். குழந்தையின் வாயைத் திறந்து பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள்.

“மணல்வாரி அம்மைதான்டி. வைட்டமின் சொட்டு மருந்து குடுத்து உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். ஆம்புலன்ஸக் கூப்பிடு. மத்த பிள்ளைங்க ஊசி போட்ட அட்டை எதுனா வெச்சிருக்காங்களா கேளு.”

“ஒண்ணுத்துக்கும் இல்லக்கா. கேட்டுட்டேன்.”

“அப்போ பதினோரு பிள்ளைக்கும் போட்டாகணும். சீக்கிரம் போட்டா தப்பிக்கும். இது ஒண்ணுகிட்டேர்ந்து ஒண்ணுக்குத் தாவிக்கினே போவும்.”

“இன்னிக்கே போட்ருலாமாக்கா? மருந்து ஐஸ் பெட்டியிலதான கீது?”

ஆதிலட்சுமி பெருமூச்சு விட்டாள். “மருந்து கீது. டாக்டர் இல்ல. புதுசா வந்த பிள்ளைங்களுக்கு ஊசி போடுறது எப்பிடின்னு அஞ்சு நாள் பயிற்சிக்குப் போயிருக்காரு. நூறு சதவீதம்னு எழுதிக் குடுத்தாச்சு பாரு, அதுக்கு மேல ஒரு பிள்ளைக்குப் போடணும்னாலும் டவுன் ஆபீஸ்ல ஆர்டர் வாங்கணும். நீ காலையில போய்ட்டு வா.”

டவுன் ஆபீஸ் என்றால் தடுப்பூசி முழுமைக் கண்காணிப்பு அலுவலகம். மறுநாள் லில்லி இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தாள். துணை இயக்குநர் புகழ்வேந்தன் மேஜைமேல் கேடயங்கள் நெருக்கியடித்து நின்றன. பேனா வைக்க இடமில்லாமல் அதைக் காதில் செருகியிருந்தார். லில்லி நின்றபடியே சொல்லி முடித்தாள். அவர் கோபப்படவில்லை. அறியாத பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“அந்த ஏரியாவுல ஊசி போடாத குழந்தை கிடையாதேம்மா.”

“கீதுங்க சார். பதினொண்ணு.”

“நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்மா, கிடையாதுன்னு. டிசம்பர் முப்பத்தொண்ணாம் தேதி. அப்போ நீ பார்த்தது இன்னா?”

லில்லி யோசித்தாள். தான் என்ன பார்த்தோம் என்று ஒரு நிமிஷம் அவளுக்கே சந்தேகம் வந்தது. “குழந்தைங்கதான் சார்.”

“இருக்கலாம். ஆனா கணக்குல இல்ல. பதினோரு பேரை உள்ள சேர்த்தா நூறு இன்னா ஆகும் தெரியுமா? தொண்ணூத்தேழு புள்ளி ரெண்டு. தொண்ணூத்தேழு புள்ளி ரெண்டுன்னு போர்டுல எழுத முடியுமா? ஒரு அதிகாரியா நான் அம்மையக் கண்டு பயப்படல. தசமப் புள்ளியக் கண்டுதான் பயப்படுறேன்.”

இருந்தாலும் அவர் இளகிய மனசுக்காரர். ‘வருகைதரு குழந்தை விவரப் படிவம்’ என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார். எட்டுப் பக்கம். குழந்தைக்கு ஒன்றாகப் பதினோரு படிவம். லில்லி வராந்தாவில் உட்கார்ந்து பபுலுவிடமிருந்து ஆரம்பித்தாள். மூன்றாம் கேள்வியிலேயே பேனா நின்றுவிட்டது. ‘குழந்தை புலம்பெயர்ந்த காரணம்: வேலைவாய்ப்பு, உயர்கல்வி, திருமணம், பிற.’

எழுந்து உள்ளே போனாள். “சார், பத்து மாசக் குழந்தை. ‘பிற’ன்னு போட்டுடவா?”

“‘பிற’ போட்டா விளக்கக் குறிப்பு மூணு பிரதி இணைக்கணும். ‘திருமணம்’னு போடு. அதுக்கு இணைப்பு வேணாம்.”

பபுலு திருமணத்தின் காரணமாகப் புதுச்சேரிக்கு வந்தான். மற்ற பத்துப் பேரும் அவ்வாறே வந்தார்கள். கடைசிப் பக்கத்தில், தங்கள் பிள்ளைக்குப் புதுச்சேரியில் ஊசி போடுவதில் ஒடிசாவுக்கு ஆட்சேபணை இல்லை என்று ஒடிசாவிடமிருந்து ஒரு சான்றிதழ் கேட்டிருந்தது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார் புகழ்வேந்தன். ஆனால் வேறொரு சங்கடம் இருந்தது.

“ஒரு குப்பி மருந்து பத்துப் பேருக்கு. பதினோராவது பிள்ளைக்காக இன்னொரு குப்பி ஒடைச்சா ஒம்போது டோஸ் வீண். ஒண்ணு பண்ணு, இன்னும் ஒம்போது பிள்ளைங்களக் கண்டுபிடி. இல்லேன்னா ஒரு பிள்ளையக் குறைச்சிடு.”

“எப்பிடி சார் குறைக்கிறது?”

“அது களப்பணி. உன் வேலை.”

லில்லி தலையாட்டினாள். பெரியவர்கள் சொல்வது புரியாவிட்டால் அது தன் படிப்பின் குறை என்று நினைக்கிற சுபாவம் அவளுக்கு. அந்த நேரத்தில்தான் புகழ்வேந்தன் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில் சூளை எங்கே இருக்கிறது என்று தேடினார். தேடியவர் முகம் மலர்ந்தது.

புதுச்சேரியின் வரைபடம் தரையில் விழுந்து நொறுங்கிய அப்பளம் மாதிரி இருக்கும். ஒரு துண்டு நம்முடையது, அடுத்த துண்டு தமிழ்நாடு, நடுவில் ஒரு நொறுங்கல் மறுபடி நம்முடையது. எந்தப் புண்ணியவான் சூளையைக் கட்டினானோ, சரியாக அப்பளத்தின் விளிம்பில் கட்டியிருந்தான்.

“குடிசை எந்தப் பக்கம்?” என்றார் புகழ்வேந்தன். “பிள்ளை எங்க தூங்குதோ அந்த மாநிலத்துப் பிள்ளை. சர்வேயரை அனுப்புறேன். அவங்க தமிழ்நாட்டுல தூங்கினா நமக்கு ஒரு சிக்கலும் இல்ல.”

புதன்கிழமை சர்வேயர் சூசைநாதன் வந்தார். ஓய்வு பெற எட்டு மாதம் இருந்த மனிதர். வாழ்நாளெல்லாம் வரப்புத் தகராறு அளந்தவர். சங்கிலியை இழுத்தார், எல்லைக்கல்லைத் தேடினார், குடிசை வரிசைக்குள் நுழைந்து நுழைந்து வந்தார். எல்லைக்கோடு குடிசைகளுக்கு உள்ளாகவே ஓடிற்று. அடுப்பு தமிழ்நாட்டில், தண்ணீர்க் குடம் புதுச்சேரியில்.

“எப்பிடிப் படுப்பீங்க?” என்று சுகாந்தியிடம் கேட்டார். லில்லி கையை மடக்கித் தலைக்கு வைத்துக் காட்டினாள். இந்த ஊரில் படுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது போலிருக்கிறது என்று நினைத்த சுகாந்தி, பபுலுவைப் பாயில் கிடத்திப் பக்கத்தில் தானும் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். சூசைநாதன் மண்டியிட்டு டேப்பைப் பிடித்தார். பபுலு டேப்பைக் கடித்தான்.

“இடுப்புக்கு மேல நம்ம ஊரு. இடுப்புக்குக் கீழ தமிழ்நாடு” என்று அறிவித்தார். பிறகு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு லில்லியிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். “ஏம்மா, இந்த ஊசிய எங்க போடுவீங்க?”

“வலது கையில சார். தோளுக்குக் கீழ.”

“தொடையில இல்லியே?”

“அது வேற ஊசி சார்.”

“அப்போ கவலைய வுடு. கை நம்மது.” அப்படியே அறிக்கையும் எழுதினார். ‘மேற்படி குழந்தைகளின் தொடைகள் அண்டை மாநிலத்தைச் சேர்ந்தவை எனினும், வலது கைகள் புதுச்சேரியின் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து எல்லைக்குட்பட்டவை.’ அந்த ஆறு நாளில் அலுவலகத்தார் எழுதியவற்றில் பிள்ளைகளுக்கு உதவிய ஒரே வாக்கியம் அதுதான்.

வியாழக்கிழமை அறிக்கையை எடுத்துக்கொண்டு போனபோது, புகழ்வேந்தன் நாற்காலியை விட்டு எழுந்து வந்து வரவேற்றார். லில்லிக்குப் பின்னால் வேறு யாரோ வருகிறார்கள் என்று அவள் திரும்பிப் பார்த்தாள்.

“உட்காரும்மா. நல்ல நேரத்துல வந்த. தடுப்பூசி வாரம் துவங்குது. சிறப்பு விருந்தினர் தேதி குடுத்துட்டாரு. அவர் கையால முதல் ஊசியத் துவக்கி வைக்கணும். ஆனா யாருக்குப் போடுறது? எல்லாப் பிள்ளைக்கும் போட்டாச்சே! நேத்து முழுக்க வில்லியனூர், பாகூர்னு சல்லடை போட்டுச் சலிச்சாச்சு. ஊசி போடாத ஒரு கை கிடைக்கல. நம்ம சாதனையே நமக்கு எமனா வந்து நின்னுது. அப்பதான் உன் ஞாபகம் வந்துச்சி. பதினோரு பிள்ளை! தங்கக் காசு மாதிரி!”

“பத்துதாங்க சார்” என்றாள் லில்லி. “பிகாஷ்னு ஒரு பையன். நேத்துலேர்ந்து காய்ச்சல், காலையில புள்ளி வந்துடுச்சி. அவனையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டோம்.”

புகழ்வேந்தன் விரலை மடக்கி எண்ணினார். “பத்து. ஒரு குப்பி. ஒரு சொட்டு வீணாகாது. பார்த்தியாம்மா, அம்மையே நமக்கு ஒத்துழைக்குது!”

“அப்போ இன்னிக்குப் போட்டுடலாமா சார்?”

“சனிக்கிழமை. பத்து மணி. அதுவரைக்கும் பிள்ளைங்களப் பத்திரமாப் பாத்துக்க. ஜாக்கிரதை, யாராவது ஊசி போட்டுடப் போறாங்க.”

திரும்பி வருகிற பஸ்ஸில் லில்லி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பிகாஷைத் தூக்கி ஆம்புலன்ஸில் ஏற்றியபோது அவன் உடம்பு அனலாகச் சுட்டது இன்னும் அவள் கையில் இருந்தது. அடுத்து யார்? பபுலுவா? எதிர்த்துப் பேசியிருக்க வேண்டுமோ என்று நினைத்தாள். பேசினால் வேலை போகும். பேசாவிட்டால் என்ன போகும் என்பதை நினைக்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை சூளைத் திடலில் சாமியானா எழும்பியிருந்தது. பேனரில் விருந்தினர் முகம் ஒரு குடிசை அளவுக்கு இருந்தது. ஊசியின் படம் ஒரு மூலையில் கொசு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. பத்துப் பிள்ளைகளுக்கும் எண் போட்ட தொப்பி மாட்டி முதல் வரிசையில் உட்கார்த்தியிருந்தார்கள். பபுலு ஏழாம் எண். தொப்பி மூக்குவரை இறங்கியிருந்தது.

“குப்பியக் கலந்து ரெடியா வையுங்க. அவரு வந்தப்புறம் கலக்கிக்கினு நின்னா மரியாதையா இருக்காது” என்றார் புகழ்வேந்தன்.

“சார், கலந்தா நாலு மணி நேரம்தான். அப்பறம் கீழதான் கொட்டணும்” என்றாள் ஆதிலட்சுமி.

“பத்து மணிக்கு வந்துடுவாரும்மா. கலந்து வை.”

ஒன்பது மணிக்குக் கலந்தார்கள். பத்துக்கு விருந்தினர் கரியமாணிக்கத்தில் ஒரு பஸ் நிழற்குடையைத் திறந்துகொண்டிருப்பதாகச் செய்தி வந்தது. பதினொன்றுக்கு அபிஷேகப்பாக்கத்தில் காது குத்து. பன்னிரண்டுக்குக் காது குத்தின வீட்டில் பந்தி. கொளுத்துகிற வெயிலில் தொப்பிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. புகழ்வேந்தன் கூட்டத்தைக் கலைய விடாமல் இருக்க மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

“பெரியோர்களே, தாய்மார்களே! வந்தாரை வாழவைக்கும் மண் இது. இந்தப் பச்சிளம் குழந்தைகளை எங்கள் அலுவலகம் ஆறு நாட்களாகக் கண்ணை இமை காப்பதுபோல் காத்தது. ஒரே ஒரு ஊசிகூட அவர்கள்மேல் பட்டுவிடாமல் காத்தோம்! தடுப்பூசியை இத்தனை கட்டுப்பாட்டோடு நிறுத்தி வைத்த அலுவலகம் வேறெங்காவது உண்டா என்று நான் கேட்கிறேன்!”

நாற்காலி வாடகைக்காரர் கை தட்டினார்.

லில்லி ஆதிலட்சுமியைப் பார்த்தாள். ஆதிலட்சுமி கைக்கடிகாரத்தைக் காட்டினாள். மணி பன்னிரண்டே கால். பெட்டியில் இருந்தது ஒரே குப்பி; கொட்டிவிட்டால் அடுத்த குப்பிக்கு அடுத்த ஆர்டர், அடுத்த விருந்தினர். வாழ்க்கையில் லில்லி ஒரு படிவத்தில்கூடக் கோட்டைத் தாண்டி எழுதியதில்லை. எழுந்து, முந்தானையைச் செருகிக்கொண்டு, முதல் வரிசைக்குப் போனாள்.

“ஒண்ணுக்குப் போறவங்கெல்லாம் வாங்க” என்றாள்.

எந்த மொழிப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி சுண்டுவிரலைக் காட்டினாள். ஒன்பது பிள்ளைகளும் கோழிக்குஞ்சுகள்போலப் பின்னால் போயின. பபுலுவைத் தூக்கிக்கொண்டு சுகாந்தியும் வந்தாள். சாமியானாவுக்குப் பின்னால், அடுக்கி வைத்த, இன்னும் சுடாத பச்சைக் கல் மறைவில், ஆதிலட்சுமி பெட்டியைத் திறந்தாள்.

“என்னைய வேலைய வுட்டுத் தூக்குனா நீதான்டி சோறு போடணும்.”

“போடுறேன்க்கா. நீ ஊசியப் போடு.”

முதல் பிள்ளை வீறிட்டது. அதைக் கேட்டு இரண்டாவது, தன் முறை வருமுன்பே வீறிட்டது. ஐந்தாவதுக்கு வருவதற்குள் திடலே அதிர்ந்தது. மேடையில் புகழ்வேந்தன் ஒரு கணம் காதைத் தீட்டினார். பிறகு நெகிழ்ந்துபோனார்.

“கேளுங்கள்! அந்தக் குழந்தைகளின் ஆர்வத்தைக் கேளுங்கள்! விருந்தினரைக் காணாமல் அழுகிறார்கள்!”

பன்னிரண்டு நாற்பதுக்குக் கடைசியாக பபுலுவின் வலது கையில் ஊசி இறங்கியது. அவன் உதடு பிதுங்கி, யோசித்து, பிறகு அழுதான். லில்லியும் மூக்கை உறிஞ்சினாள். குப்பியில் ஒரு சொட்டு மிச்சமில்லை.

விருந்தினர் ஒன்றே முக்காலுக்கு வந்தார். மாலை, சால்வை, குத்துவிளக்கு எல்லாம் முறைப்படி நடந்தன. வாழ்த்துரையில் அவர் மனம் திறந்தார். “புலம்பெயர்ற கஷ்டம் எனக்குத் தெரியும். நானே மூணு கட்சி புலம்பெயர்ந்து வந்தவன். போன எடத்துலலாம் பதவி குடுத்தாங்க. இந்தப் பிள்ளைங்களுக்கு நாம ஒரு ஊசியாவது குடுக்கக் கூடாதா?”

கைதட்டலுக்கிடையே அவர் ஊசிக்காகக் கையை நீட்டினார். ஆதிலட்சுமி அசையவில்லை.

“போட்டாச்சுங்கய்யா. பத்துக்கும். நேரம் தாண்டினா மருந்து வீணாப்பூடும்.”

புகழ்வேந்தன் முகத்தில் எறும்பு மொய்த்தாற்போல் ஆயிற்று. “போட்டாச்சா? துவக்கி வைக்காமலா?” ஆனால் கேமராக்காரர் தயாராக இருந்தார். “வெறும் ஊசியப் புடிச்சா போதும் சார், படத்துல தெரியாது” என்றார். விருந்தினர் மூடி போட்ட வெற்றூசியோடு பபுலுவின் பக்கம் குனிந்தார்.

ஒரு தடவை நடந்ததைக் கண்ணால் பார்த்த சுகாந்திக்கு, இந்த ஊரில் பெரிய மனிதர்கள் வரவர ஊசி போட்டுக்கொண்டே இருப்பார்கள் போலிருக்கிறது என்று பட்டிருக்க வேண்டும். பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, தனக்குத் தெரிந்த தமிழையெல்லாம் திரட்டி மைக்குக்கு முன்னால் கத்தினாள்.

“லோடு ஆச்சு! லோடு ஆச்சு!”

மறுநாள் பேப்பரில் வந்த படம் அதுதான்.

திங்கட்கிழமை லில்லிக்கும் ஆதிலட்சுமிக்கும் குறிப்பாணை வந்தது. ‘துவக்கி வைக்கப்படாத ஊசியை முறையற்ற வகையில் செலுத்தியது ஏன் என விளக்கம் கோரப்படுகிறது.’ விசாரணைக் குழுவில் மூன்று பேர். துவக்கி வைக்கப்படாத ஊசி வேலை செய்யுமா என்பதை ஆராய அவர்களுக்கு மூன்று மாதம் பிடித்தது. அதற்குள் ஜமுனாவும் பிகாஷும் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி, எலும்பும் தோலுமாக இருந்தாலும் சூளைத் திடலில் ஓடிப்பிடித்து விளையாடினார்கள். ஊசி போட்ட பத்தில் இரண்டுக்கு ஒருநாள் லேசாக உடம்பு சுட்டது. அம்மை யாருக்கும் வரவில்லை. குழுவுக்கு இது அனுப்பப்படவில்லை. அது அவர்கள் கேட்ட விஷயம் அல்ல.

ஜூன் மாதம் இருவரையும் கூப்பிட்டார்கள். புகழ்வேந்தனே தீர்ப்பை வாசித்தார். “மேற்படி பத்துக் குழந்தைகளுக்கும் மருத்துவரீதியாக ஊசி போடப்பட்டுள்ளது. நிர்வாகரீதியாகப் போடப்படவில்லை. ஆகவே முறையான துவக்க விழா ஒன்றை மறுபடி நடத்தி, குழந்தைகளை நேர் செய்ய வேண்டும்.” கண்ணாடியைக் கழற்றினார். “விருந்தினர் பதினெட்டாம் தேதி குடுத்திருக்காரு. பிள்ளைங்களக் கூட்டினு வா.”

“அவங்க ஊருக்குப் போயிட்டாங்க சார்” என்றாள் லில்லி. “மழை வந்துடுச்சி, சூளைய நிறுத்திட்டாங்க. போன வாரமே ரயிலேறிட்டாங்க. எல்லாத்துக்கும் அட்டை எழுதிக் குடுத்து அனுப்பிட்டோம்.”

புகழ்வேந்தன் மெல்ல நிமிர்ந்தார். “அப்போ அந்த ஏரியாவுல இப்போ ஊசி போடாத பிள்ளைன்னு...”

“ஒண்ணுமில்ல சார்.”

“அதான் நான் டிசம்பர்லயே கையெழுத்துப் போட்டேன்!” என்று மேஜையைத் தட்டினார். இரண்டு கேடயங்கள் விழுந்தன. குறிப்பாணையை ரத்து செய்து, டீ வரவழைத்துக் கொடுத்து அனுப்பினார்.

அன்றைக்கே மத்தியானம் லில்லி ஊர் பஸ் நிறுத்தத்தில் இறங்கினாள். எதிர்ப்புறம் புதிதாகக் கட்டுகிற கம்பெனிக் கொட்டகை வாசலில் ஒரு வேன் நின்று, தகரப் பெட்டிகளும் பாய்ச்சுருட்டுகளும் இறங்கிக்கொண்டிருந்தன. இறங்கியவர்கள் பேசியது ஒடியாவும் இல்லை, வேறு ஏதோ. ஒருத்தி இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றாள்.

லில்லி சாலையைக் கடந்து போனாள். இடுப்பிலிருந்த குழந்தையின் கன்னத்தைத் தொட்டுச் சிரித்தாள். ஊசி போடுவதுபோலத் தன் தோளில் விரலைக் குத்திக் காட்டி, அட்டை இருக்கிறதா என்று கையை விரித்தாள். அந்தப் பெண் இல்லையென்று தலையசைத்தாள்.

லில்லி சாலையின் இருபுறமும் பார்த்தாள். அதிகாரி என்று சொல்லும்படி யாரும் இல்லை. போனை எடுத்து ஆதிலட்சுமியைக் கூப்பிட்டாள்.

“அக்கா, கம்பெனிக் கொட்டாயில புதுசா ஆளுங்க வந்திருக்காங்க. ஆபீஸுக்குப் போன் கீன் போட்டுடாத.”

“எத்தினி பிள்ளைங்கடி?” என்றாள் ஆதிலட்சுமி. அவள் ஸ்கூட்டியைக் கிளப்புகிற சத்தம் போனில் கேட்டது.